தூணைத் தொட்டால்தான் தண்ணீர் வரும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. போன கோடையில் ஒரு நீர்ப்பூங்காவுக்குக் குடும்பமாகப் போய்வந்த செலவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பூங்காக்களில் பிள்ளைகள் நனைந்து விளையாடத் தண்ணீர் பீச்சும் ‘ஸ்பிளாஷ் பாட்’ என்றால் இலவசம் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை முக்கால் மணித்தியாலம் கார் ஓடிப் போனோம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் அழுதபடி திரும்பினார்கள். ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் நல்ல இடங்கள் எவை? தண்ணீர் வருகிறதா என்று போகுமுன் எப்படி அறிவது? மாமி வேறு, “குளிர் தண்ணியில விட்டால் தடிமன் பிடிக்கும்” என்று தடுக்கிறா.
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அன்றைக்கு அங்கே நின்ற தூணை யாராவது தொட்டுப் பார்த்தீர்களா?

பேரனோடு முதல் தடவை போனபோது எனக்கும் இதேதான் நடந்தது. போய்ப் பார்த்தால் காய்ந்து கிடக்கும் சீமெந்துத் தரை, நாலைந்து வளைந்த குழாய்கள், ஒரு ஈ காக்கை இல்லை. பழுதாக்கும் என்று பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, நாலு வயதுகூட இராத ஒரு பெட்டை எங்களைத் தாண்டி ஓடிப்போய், தன் உயரத்துக்கு நின்ற குட்டித் தூணின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். தரைக்குக் கீழே ‘கிளுக்’ என்றது. ஓட்டைகளில் முதலில் காற்றுச் சீறியது, பிறகு தண்ணீர் பொங்கியது. என் பேரன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பெரும்பாலான இடங்களில் இப்படித்தான். யாராவது தொட்டால் சில நிமிடம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். திரும்பவும் தொட வேண்டும். பல இடங்களில் அந்தத் தண்ணீர் குழாயிலிருந்து வந்து நேரே வடிகாலுக்குப் போகிறது. ஆளில்லாத நேரத்தில் ஓடவிட்டால் நகரத்துக்குக் கட்டுபடியாகாது. ஆகவே காய்ந்த தரையைக் கண்டதும் மூடிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மகளிடம் சொல்லிவையுங்கள், போனதும் தூணைத் தேடிக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. ஏழு வயதுக்கு அது பெரிய பதவி.

தொட்டும் வரவில்லை என்றால் உண்மையாகவே பழுதாக இருக்கலாம், அல்லது நேரம் தப்பிப் போயிருக்கலாம். ரொறன்ரோ நகரத்தின் ஸ்பிளாஷ் பாட்கள் மே மாத நீண்ட வார இறுதியை ஒட்டித் திறந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 8.30 வரை ஓடுவதுதான் வழமை. ஆனால் நகர எல்லையைத் தாண்டினால் அந்தந்த நகரசபையின் சட்டம். சில இடங்களில் செப்டெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தோடு பூட்டிவிடுவார்கள், சில இடங்களில் மாலை ஆறு, ஏழோடு நிறுத்திவிடுவார்கள். ரொறன்ரோவுக்குள் என்றால் நகரசபையின் தகவல் எண்ணான 311க்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள், அல்லது நகரத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் பூங்காவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வெளி நகரங்களுக்கும் இப்படித்தான், அவரவர் நகரசபைப் பக்கம். கூகுள் வரைபடத்தில் காட்டும் நேரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பூங்கா திறந்திருக்கும் நேரம் வேறு, தண்ணீர் ஓடும் நேரம் வேறு. அதைவிட அங்கே போனவர்கள் போடும் படங்களைப் பாருங்கள். அந்தக் கிழமையே போட்ட படத்தில் பிள்ளைகள் நனைந்திருந்தால் சரி.

தேடும்போது சொல்லையும் மாற்றிப் பாருங்கள். மிசிசாகாவிலும் ஹமில்டனிலும் இதே சாமானை ‘ஸ்ப்ரே பாட்’ என்கிறார்கள், வேறு சில இடங்களில் ‘வோட்டர் ப்ளே’. ‘ஸ்பிளாஷ்’ என்று மட்டும் தேடினால் ஸ்காபரோவில் இருக்கும் ரொறன்ரோ மிருகக்காட்சிசாலையின் ஸ்பிளாஷ் ஐலண்டும், வோனில் இருக்கும் வொண்டர்லாண்ட் கேளிக்கைப் பூங்காவின் ஸ்பிளாஷ் வேர்க்ஸும் வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ளே போகவே காசு. பிரம்ப்ரனில் ஹார்ட் லேக் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் பெரிய நீர் விளையாட்டிடமும் அப்படித்தான். நகரசபையின் சாதாரணப் பூங்காவில் இருப்பதுதான் இலவசம். ‘கொன்சர்வேஷன் ஏரியா’ என்ற பெயரைக் கண்டால் பணப்பை திறக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இடங்கள். ரொறன்ரோ நகரத்தில் மட்டும் 140க்கு மேற்பட்ட ஸ்பிளாஷ் பாட்கள் இருக்கின்றன. வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை விட்டுவிட்டு ஏன் முக்கால் மணித்தியாலம் ஓடினீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பிறிம்லி வீதியில் லோறன்ஸுக்கு வடக்கே தொம்சன் மெமோரியல் பார்க் இருக்கிறது. பெரிய மரங்கள், நல்ல நிழல். ஸ்காபரோவின் பழைய வீடுகளை வைத்த சின்ன அருங்காட்சியகமும் அதற்குள்ளேதான். ஸ்டீல்ஸ் பக்கம் என்றால் மக்கவன் சந்தியில் மில்லிக்கன் பார்க். எங்கள் பழைய மாணவர் சங்கங்களின் கோடைகால ஒன்றுகூடல் காலத்தில் ஸ்காபரோவின் பெரிய பூங்கா எதற்கும் சனி, ஞாயிறில் போகாதீர்கள். காரை விட இடம் கிடைக்காது. பிள்ளைகள் தண்ணீரை விட்டுவிட்டுக் கொத்துறொட்டி மணத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். அப்படியே நீங்களும் யாரோ ஒரு தூரத்துச் சொந்தத்திடம் மாட்டுப்பட்டு மூன்று மணித்தியாலம் நிற்பீர்கள்.

அரை மணித்தியாலம் ஓடத் தயார் என்றால் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் ஏஜாக்ஸில் இறங்குங்கள். ஏரிக்கரையில் இருக்கும் ரோட்டரி பார்க் எனக்குப் பிடித்த இடம். பிள்ளைகள் நனைந்து முடிய, கரையோரம் நடக்கலாம், காற்று வாங்கலாம். இன்னும் கொஞ்சம் ஓடினால் ஓஷாவாவில் லேக்வியூ பார்க், மணற்கரையோடு சேர்ந்தது. மேற்கே என்றால் பிரம்ப்ரனில் சிங்குவாகூசி பார்க், மிசிசாகாவில் ஏரியோரம் ஜாக் டார்லிங் பார்க். இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் நெரிசலுக்குப் பயந்து காசு கட்டி ஓடும் 407 நெடுஞ்சாலையில் ஏறினீர்களோ, இலவசம் என்ற சொல் அந்த இடத்திலேயே செத்துப்போகும். போகவர அந்த வீதிக்குக் கட்டும் காசுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கலாம். வடக்கே பரி (Barrie) நகரத்துக்குப் போகும் யோசனை இருந்தால், வெள்ளி பின்னேரம் 400 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், அவ்வளவுதான். அங்கே ஏரிக்கரையில் வெளியூர்க் காருக்கு நிறுத்தக் கட்டணமும் உண்டு.

ரொறன்ரோ நகரத்தின் மத்தியில் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மகள் ‘ஏன், எப்படி’ என்று கேட்கும் வயதில் இருக்கிறாள். ஷேர்போர்ன் கொமன் ஏரிக்கரையில் 2010இல் திறந்தது. கோடையில் பிள்ளைகள் நனையும் அதே தளம் குளிர்காலத்தில் சறுக்கு மைதானம். சுற்றுவட்டாரத்து மழைநீரைப் புற ஊதா ஒளியால் சுத்தமாக்கும் நிலையமும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கோர்க்டவுன் கொமன் 2013இல் திறந்தது. டொன் ஆறு பெருகினால் நகரம் மூழ்காதிருக்கக் கட்டிய மண்மேட்டின் மேல் அமைத்த பூங்கா அது. பக்கத்தில் சதுப்புநிலம், தவளைச் சத்தம். இரண்டுக்கும் காரில் போய் நிறுத்துமிடம் தேடி அலையாதீர்கள். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரீரீசி எனும் நகரப் பேருந்தும் சுரங்க ரயிலும் இலவசம், புறநகரை இணைக்கும் கோ ரயிலும் இலவசம். எக்லிங்டன் அல்லது கில்ட்வூட் கோ நிலையத்தில் காரை விட்டுவிட்டு ரயிலேறி நகர மத்தியில் யூனியன் நிலையத்தில் இறங்குங்கள். மூன்று வயதுக்காரனுக்கு ரயிலே பாதி விளையாட்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வோர் இடம் என்று ஓடத் தொடங்காதீர்கள். என் யோசனை இது: பத்து நிமிடத்தில் உள்ள ஒன்றை உங்கள் இடமாக்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம், எந்த மரத்தின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது, தரை வழுக்குமா, வேலியில்லாமல் வீதி பக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு தடவை போனால் தெரிந்துவிடும். நான் இடம் பார்க்கும்போது குழாய்களை எண்ணுவதில்லை, முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவனுக்கு இன்னும் டயப்பர் என்றால் நீச்சலுக்கென்று விற்கும் டயப்பரைப் போடுங்கள். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி முழங்கால் வரை தொங்கி, கடைசியில் வெடித்து, உள்ளே இருக்கும் கூழ் முழுக்கத் தரையில் பரவிய காட்சியை நான் ஒருதரம் கண்டிருக்கிறேன். அந்தத் தாய் பாவம். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது. 2005இல் நியூயோர்க் மாநிலத்தில் செனகா ஏரிக்கரைப் பூங்கா ஒன்றின் நீர் விளையாட்டிடத்தால் ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றோட்டம் வந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. அங்கே தொட்டியில் சேரும் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பாய்ச்சினார்கள், குளோரினுக்கு அந்தக் கிருமி லேசில் சாகாது. அதன் பிறகுதான் அந்த மாநிலம் இப்படியான இடங்களுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. குழாய்த் தண்ணீர் நேரே வந்து வடியும் இடங்களில் இந்தப் பயம் மிகக் குறைவு. எங்கே போனாலும் வாயைத் திறந்து குடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

இடி முழங்கினால் உடனே எல்லாரும் காருக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும். வெயிலுக்கு, பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தவிர்த்தால் நல்லது. ‘எங்கட நிறத்துக்கு ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக்கொண்டு இருக்காமல் சன்ஸ்கிறீன் பூசுங்கள், நனைந்து துடைத்த பிறகு திரும்பவும் பூசுங்கள். காலுக்கு நனையக்கூடிய ரப்பர்ச் சப்பாத்து வேண்டும். சீமெந்து வழுக்கும், ரப்பர்த் தரை வெயிலில் கொதிக்கும். உடுப்பு மட்டும் கடும் மஞ்சள், செம்மஞ்சள் என்று வாங்குங்கள். ஐம்பது பிள்ளைகளுக்குள் நீல உடுப்புப் போட்ட உங்கள் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது.

மாமியின் கதைக்கு வருவோம். தடிமன் வைரஸால் வருவது, தண்ணீரால் அல்ல. ஆனால் இந்த வசனத்தை வீட்டில் அப்படியே சொல்லிவிடாதீர்கள். அவ பயப்படுவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ரொறன்ரோவில் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர்தான், மே மாதத்தில் அது ஐஸ் போலவே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் விறைத்துப்போனதும் தெரியாமல் நிற்பான். உதடு நீலம் பாரித்தால், பல் கிட்டினால், அழுதாலும் வெளியே தூக்கித் துவாயால் சுற்றிவிடுங்கள். யூலை வெக்கை வந்தபின் மகனை விட்டால் போதும்.

அதைவிட நல்ல வழி, மாமியையும் கூட்டிக்கொண்டு போவது. மடக்குக் கதிரை ஒன்று, போத்தலில் சுடச்சுடப் பிளேன்ரீ, ரோல்ஸ் நாலு. கதிரையைத் தண்ணீரிலிருந்து ஒரு பத்தடி தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் தூவானம் முழுக்க அவவின் சேலையில்தான். பிள்ளைகளின் துவாய்களை அவவின் மடியில் கொடுத்துவிடுங்கள். எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அவவே தீர்மானிக்கட்டும். என் வீட்டில் இப்படித் தொடங்கிய ஆள் மூன்றாம் கிழமை, “இண்டைக்கு வெக்கையாக் கிடக்கு, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?” என்று எங்களுக்கு முன்னமே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா.