மேட்சிங் நம்பர்ஸ் என்று விற்ற ஜாகுவார்: 88,000 பவுண்டைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 58 வயது. லண்டன் குராய்டனில் இருக்கிறேன். கணக்காளர் வேலை. ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் மீது சின்ன வயதில் இருந்தே ஆசை. சென்ற அக்டோபர் நடுவில், பழைய கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில் 1963ஆம் ஆண்டு 3.8 லிட்டர் கூப்பே ஒன்றை 88,000 பவுண்டுக்கு வாங்கினேன். 'மேட்சிங் நம்பர்ஸ், முழுமையாக ரெஸ்டோர் செய்தது, சேகரிப்பாளர்களுக்கு ஏற்றது' என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். முன்பணம் 2,000 பவுண்டு கிரெடிட் கார்டில், மீதி வங்கி வழியாக. பிப்ரவரியில் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டில் சான்றிதழ் வாங்கிப் பார்த்தால், அதில் இருக்கும் இன்ஜின் எண் வேறு, காரில் இருப்பது வேறு. எனக்குத் தெரிந்த மெக்கானிக், இது ஜாகுவாரின் இன்னொரு மாடலான மார்க் டென் சலூனின் இன்ஜின் என்கிறார். போதாக்குறைக்குக் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளிக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், 'நாங்கள் உரிமையாளருக்காக விற்றுக் கொடுத்த ஏஜென்ட்தான். பார்த்துத்தானே வாங்கினீர்கள்? லாக்புக்கிலேயே (வண்டியின் பதிவு ஆவணம்) இன்ஜின் எண் இருந்ததே' என்கிறார். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் போகலாமா? ஜூலையில் மகள் கல்யாணம். மணமக்களை இந்தக் காரில் அனுப்ப ஆசைப்பட்டேன். அதுவரை ஓட்டலாமா?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அக்டோபர் நடுவில் வண்டி கைக்கு வந்தது என்றால் ஏப்ரல் நடுவில் ஆறு மாதம் முடிகிறது. இப்போது மார்ச். அந்த ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: துரு, பெயின்ட், பழைய கார் என்றெல்லாம் பேச ஆரம்பித்தால் கடைக்காரருக்கு வசதி. அறுபது வருஷத்து வண்டியில் துரு இல்லாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது 'மேட்சிங் நம்பர்ஸ்' என்ற இரண்டு சொல்லை.

தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஈ-டைப் அபூர்வமான கார் இல்லை. 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. அடுத்த பதின்மூன்று பதினான்கு ஆண்டுகளில் 72,000க்கு மேல் செய்து விற்றார்கள். ஆகவே விலையைத் தீர்மானிப்பது எந்த ஈ-டைப், எந்த நிலையில் என்பதுதான். தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டிக்கு ஒரு சேசிஸ் எண், ஒரு இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண் என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹெரிடேஜ் சான்றிதழ் என்பது அந்தப் பதிவேட்டின் நகல்தான். வண்டியில் இருக்கும் எண்கள் அதோடு ஒத்துப்போனால் மேட்சிங் நம்பர்ஸ். 3.8 லிட்டர் ஈ-டைப்பின் இன்ஜின் எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். பானட்டைத் தூக்கி, ஆயில் ஃபில்டருக்கு மேலே இன்ஜின் பிளாக்கில் ஒரு டார்ச் அடித்தால் அந்த எழுத்து தெரிய வேண்டும். உங்கள் மெக்கானிக் சொல்வது நடக்கக்கூடியதுதான். மார்க் டென் சலூனிலும் இதே மாதிரி மூன்று கார்புரேட்டர் வைத்த 3.8 இன்ஜின்தான் இருந்தது. தூக்கி வைத்தால் பொருந்தும், நன்றாகவே ஓடும். அதனால்தான் ஓட்டிப் பார்த்தபோது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி சட்டம். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். தொழில் செய்யும் ஒருவர் தனிப்பட்ட நுகர்வோருக்கு விற்கும்போது, பொருள் அவர் விவரித்தபடியே இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. தரம் திருப்தியாக இருக்க வேண்டும் என்பது 9ஆம் பிரிவு. தரத்தை எடைபோடும்போது விலையும் விவரிப்பும் கணக்கில் வரும். பத்தாயிரம் பவுண்டு ஓட்டை வண்டிக்கும் 'முழுமையாக ரெஸ்டோர் செய்த' 88,000 பவுண்டு வண்டிக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. 'பார்த்து வாங்கினீர்கள்' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் இந்த இரண்டு உரிமையையும் பறிக்க முடியாது, 31ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. (நீங்கள் கணக்காளர் என்பதால் கேட்கிறேன்: வரிக்காகக் காரை உங்கள் கம்பெனி பெயரில் வாங்கவில்லையே? வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர் இல்லை, கதை வேறு.)

வாங்கிய 30 நாளுக்குள் என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அது நவம்பரிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு பொதுவாகக் கடைக்காரருக்கு ஒரு முறை சரிசெய்ய வாய்ப்பு தர வேண்டும். துருவை வெட்டி எடுத்துச் சரிசெய்யலாம். ஆனால் 1963இல் தொழிற்சாலையில் மாட்டிய அந்த இன்ஜினை எங்கே போய்க் கொண்டுவருவார்? சரிசெய்ய முடியாத குறை என்றால் விலைக் குறைப்பு அல்லது திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவது என்ற அடுத்த கட்டத்துக்கு நேரே போகலாம். மோட்டார் வாகனம் என்பதால் நீங்கள் ஓட்டிய தூரத்துக்கு ஏதாவது பிடித்துக்கொள்வார்கள். மற்ற பொருள்களுக்கு முதல் ஆறு மாதத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது, வண்டிக்கு மட்டும் உண்டு.

ஆறு மாதக் கணக்கு இங்கேதான் வருகிறது. அந்தக் காலத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கிய நாளிலேயே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. இன்ஜின் எண் விஷயத்தில் உங்களுக்கு இது அவ்வளவு தேவையில்லை, யாரும் ஐந்து மாதத்தில் இன்ஜினை மாற்றியதாகச் சொல்ல மாட்டார்கள். கதவுக்குக் கீழே கொப்பளிப்பதற்கு மிகவும் தேவை. ஈ-டைப்பில் அந்த இடம், சில் என்பார்கள், துருவுக்குப் பேர்போனது. நல்ல இரும்புத் தகடு போடாமல் ஓட்டையைப் பூச்சால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் ஒரு சாதாரண காந்தம்கூட அங்கே ஒட்டாது. ஆகவே ஏப்ரல் நடுவுக்குள், கடைக்காரருக்கோ உங்கள் மெக்கானிக்குக்கோ வேண்டியவர் அல்லாத, வெளி ஆளான கிளாசிக் கார் நிபுணர் ஒருவரை வைத்துத் தேதியிட்ட எழுத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். இன்ஜின் எண் பொறித்த இடம், சில், இரண்டும் நெருக்கத்தில் எடுத்த படங்களோடு. அதற்கு முன்னால் எதையும் சரிசெய்ய வேண்டாம், துருவைச் சுரண்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

இதோடு இன்னொரு வழியும் இருக்கிறது. தவறான தகவலைச் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பதைச் சட்டத்தில் மிஸ்ரெப்ரசென்டேஷன் என்பார்கள். 1967ஆம் ஆண்டு மிஸ்ரெப்ரசென்டேஷன் சட்டம் உங்களுக்கு ரொம்ப சாதகம். அவர் பொய் சொன்னார் என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. சொன்னதை நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். பழைய கார் விற்பதே தொழிலாக இருப்பவர், சான்றிதழ் வாங்கிப் பார்க்காமல், பானட்டைத் தூக்கிப் பார்க்காமல் எப்படி நம்பினார்? இந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று எனக்கே ஆவலாக இருக்கிறது.

'லாக்புக்கில் எண் இருந்ததே, நீங்கள் பார்த்திருக்கலாமே' என்ற வாதத்துக்கு 1881லேயே பதில் சொல்லிவிட்டார்கள். ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்ற வழக்கு. விற்றவர் ஒரு வழக்கறிஞர், விற்றது தன் தொழிலில் பங்கும் வீடும். வருமானம் எவ்வளவு என்று சொன்னது பொய். வாங்கியவர் முன்னால் காகிதங்களை எடுத்துப் போட்டிருந்தார், அவர் சரியாகப் பார்க்கவில்லை. சரிபார்க்க வாய்ப்பு இருந்தும் பார்க்காமல் விட்டது குற்றமல்ல, சொன்னவர் சொல்லை நம்பும் உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

கடைக்காரரின் வழக்கறிஞர் எடுக்கப்போகும் சீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1929, 1930 இரண்டு ஆண்டும் லு மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள். வாங்குபவர் பின்வாங்கினார்: அந்தப் பந்தயக் காரின் பாகம் இதில் ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லையே, இது எப்படி அதே கார் ஆகும் என்று. 1990இல் நீதிபதி ஓட்டன், பாகங்கள் மாறினாலும் அந்தக் காரின் வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது, ஆகவே இதுவே அது என்று தீர்ப்புச் சொன்னார். வாங்க மறுத்தவர் தோற்றார். பழைய கார் விற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

ஆனால் அங்கே கேள்வி, இது அதே காரா என்பது. உங்கள் கார் 1963 ஈ-டைப் இல்லை என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஒரு எண் இன்னொரு எண்ணோடு பொருந்தும் என்று சொல்லி விற்றார், பொருந்தவில்லை. இதில் வரலாறு, தொடர்ச்சி என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே பாகத்துக்காக இந்தப் பழைய கார் உலகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1962ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2017இல் 44 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அதன் அசல் கியர்பாக்ஸ் அமெரிக்காவில் யாரிடமோ இருந்தது, கொடுக்க அவர் 25,000 டாலர் கேட்டார். அதை யார் தருவது என்று லண்டனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2021இல்தான் முடிந்தது, விற்றவர் தலையில்.

அடுத்து 'நான் ஏஜென்ட்தான்' என்பது. வாங்கும்போது இதைச் சொன்னாரா? பில் யார் பெயரில்? பணம் யார் கணக்கில் போனது? மூன்றுமே கடைப் பெயர் என்றால், இப்போது உரிமையாளர் பின்னால் ஒளிந்துகொள்வது எடுபடுவது கஷ்டம். யாருக்காக விற்கிறார் என்பதை மறைத்து விற்ற ஏஜென்ட் தானே அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளி ஆகிறார். சரி, உண்மையிலேயே தனி ஆள் ஒருவரின் கார் என்றே வைத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின்படி தனி ஆள் விற்றாலும் சொன்ன விவரிப்புப்படி பொருள் இருக்க வேண்டும். தொழில் செய்யும் ஏஜென்ட் வழியாக விற்று, அது தனியாள் விற்பனை என்று வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டால், தரத்துக்கும் அந்த உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும். 1995இல் ஒரு படகு விஷயத்தில், அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. ஆகவே உரிமையாளர் பெயர், முகவரியை எழுத்தில் கேளுங்கள். கோரிக்கைக் கடிதம் இருவருக்கும் போகட்டும்.

கிரெடிட் கார்டு பற்றி: ஏமாற்றத்துக்குத் தயாராகுங்கள். முன்பணத்தில் ஒரு பவுண்டு கார்டில் போட்டாலும் முழுத் தொகைக்கும் வங்கி பொறுப்பு என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அப்படித்தான், ஆனால் பொருளின் விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் அது பொருந்தாது. கணக்கு நீங்கள் கட்டிய 2,000க்கு இல்லை, காரின் விலைக்கு. சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேட்டுப் பார்க்கலாம், அது கார்டு நிறுவனங்களின் சொந்த ஏற்பாடு, நாள் கெடு கறாரானது, கிடைத்தாலும் அந்த 2,000தான்.

செலவையும் பார்ப்போம். 10,000 முதல் 200,000 பவுண்டு வரையிலான கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் ஐந்து சதவீதம். முழுத் தொகையைக் கேட்டால் 4,400 பவுண்டு எடுத்து வைக்க வேண்டும், வழக்கறிஞர் கூலி தனி. கவுன்டி கோர்ட்டில்தான் போட முடியும், உயர் நீதிமன்றத்துக்கு ஒரு லட்சம் தாண்ட வேண்டும். அதனால் முதலில் கோரிக்கைக் கடிதம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பில், ஹெரிடேஜ் சான்றிதழ், நிபுணர் அறிக்கை எல்லாவற்றையும் இணைத்து, காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரும்படி 14 நாள் கொடுங்கள். விளம்பரம் எந்த நேரமும் காணாமல் போகலாம், இதைப் படித்து முடித்ததும் முதலில் அதைச் சேமியுங்கள்.

காரை வைத்துக்கொள்ளவே மனம் இருந்தால் அதுவும் தப்பில்லை. அசல் இன்ஜின் இல்லாத இதே நிலைக் கார் என்ன விலை போகும் என்று நிபுணரிடம் அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள். வித்தியாசத்தைக் கேட்கலாம். இப்படிப்பட்ட தகராறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேசி முடிகின்றன, கடைக்காரருக்கும் காரைத் திரும்ப எடுத்து உண்மையைச் சொல்லி மறுபடி விற்பதைவிட இது லேசு. எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பதைக் கடிதம் போகும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

திருப்பிக் கொடுப்பது என்றே முடிவெடுத்தால், கல்யாண ஆசையை விட்டுவிட வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் சொந்தக் காராக நினைத்து ஓட்டினால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், பூமாலை போட்ட காரின் படத்தை நீதிபதியிடம் நீட்டுவார். வண்டியை உள்ளே நிறுத்திக் கவர் போட்டு மூடுங்கள், இன்ஷூரன்ஸை மட்டும் நிறுத்த வேண்டாம். ஜூலைக்கு இன்னொரு ஈ-டைப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். டிரைவர் வேண்டாம், கூப்பேயில் இரண்டே சீட்தான். மாப்பிள்ளைக்கு கியர் போடத் தெரியுமா என்று மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.