‘புரோகிரஸ்’ என்றால் எப்போதும் முன்னேற்றம்தானா?

‘புரோகிரஸ் என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் முன்னேற்றம் என்று எழுதலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மருத்துவ அறிக்கையில் கூடவே கூடாது. மொழிபெயர்ப்பு என் தொழில். ஆனாலும் இது எனக்கு உறைத்தது என் வீட்டில்தான்.

பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். மூன்றாவது ஸ்கேன் அறிக்கை வந்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். அண்ணன் அதன் கடைசி வரியைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். ‘நோய் முன்னேற்றம்’ என்று வந்திருக்கிறது. அதைக் கேட்ட பெரியம்மா அன்று மாலையே பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அறிக்கையை வாங்கிப் படித்த நான்தான் நோய் கூடியிருக்கிறது என்ற உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. திருநீறு பூசிய நெற்றியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “அப்படியென்றால் முன்னேற்றம் யாருக்கடா? நோய்க்கா?”

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ‘உடல்நிலையில் முன்னேற்றம்’ என்று செய்தித்தாளில் படித்தால் நோயாளி தேறிவருகிறார் என்றுதானே நாம் எல்லோரும் புரிந்துகொள்கிறோம்? ஆனால் புற்றுநோய் மருத்துவத்தில் புரோகிரஸ் என்ற சொல்லுக்குக் கறாரான அளவே உண்டு. குறிப்பிட்ட கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டுத்தொகை, அதுவரை இருந்த மிகக் குறைந்த அளவைவிட 20 விழுக்காடாவது, அதோடு 5 மில்லிமீட்டராவது கூடியிருந்தால் புரோகிரஸ். புதிதாக ஒரு கட்டி தோன்றினாலும் அப்படித்தான். இதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? ‘நோய் முற்றுகிறது’, ‘நோய் பரவியிருக்கிறது’ என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததுதான்.

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. புரோகிரஸின் லத்தீன் மூலத்துக்கு ‘முன்னே அடியெடுத்து வைத்தல்’ என்றுதான் பொருள்; நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை. நம் சொல்லிலோ ‘ஏற்றம்’ உட்கார்ந்திருக்கிறது. ஏற்றம் என்றால் உயர்வு, மேன்மை. கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் துலாவுக்கும் அதே பெயர். ‘எதிரிப் படை முன்னேறியது’ என்று எழுதுகிறோமே என்று கேட்பீர்கள். உண்மைதான், வினையாக வரும்போது அது வெறும் நகர்வையும் குறிக்கும். பெயர்ச்சொல்லானதும் வாழ்த்தின் வாடை ஏறிவிடுகிறது. 1949-இல் தொடங்கப்பட்ட கட்சி ‘திராவிட முன்னேற்றக் கழகம்’ என்று பெயர் வைத்துக்கொண்டபோது அந்த வாழ்த்துப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்திலும் பழைய வழக்கு வேறு. முதலாம் எலிசபெத் அரசி கோடைக்காலங்களில் பரிவாரத்தோடு ஊர் ஊராகச் சென்று பிரபுக்களின் மாளிகைகளில் தங்குவார். 1575-இல் கெனில்வொர்த் கோட்டையில் மட்டும் 19 நாள். அந்தப் பயணங்களுக்கும் பெயர் புரோகிரஸ்தான். அங்கே முன்னேற்றம் என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்; உலா என்றோ பவனி என்றோ எழுதலாம்.

இதை அழகாகக் கையாண்டவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ நூலைத் தழுவி அவர் இயற்றிய காவியம் 1894-இல் வெளிவந்தது. பெயர் ‘இரட்சணிய யாத்திரிகம்’. நடையும் பயணமுமாக இருந்த சொல்லை யாத்திரையாகவே கண்டுகொண்டார். எப்போது நினைத்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

மற்ற இடங்களில் சிக்கல் அதிகமில்லை. சாலையோரப் பலகையில் ‘பணி நடைபெறுகிறது’ போதும். பள்ளியில் தருவது தேர்ச்சி அறிக்கை. வழக்கு விசாரணை என்றால் ‘எந்த நிலையில் இருக்கிறது’ என்று கேட்டால் முடிந்தது.

மருத்துவ அறிக்கைகள் கைக்கு வரும்போது இப்போது ‘நோய் கூடியிருக்கிறது’ என்று எழுதுகிறேன். ‘முற்றியிருக்கிறது’ என்பதும் சரிதான். ஆனால் படிப்பவர் நோயாளியாகவே இருக்கலாம், முற்றியது என்றதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவார். பக்கத்திலேயே முந்தைய அளவையும் இப்போதைய அளவையும் மில்லிமீட்டரில் எழுதிவிடுகிறேன்.