கேலரியிலிருந்து ஒரு ‘ச்சே’

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிறோம். இந்த முறை அறிவியல் புனைவு, எழுதியது நான். சம்பா அறுப்பு முடிந்த சமயம். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஊர் வயலில் சர்க்கஸ் கூடாரம் நிற்கிறது. எப்போது வந்தார்கள், எதில் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள், ஆனால் ஏதோ ஒன்று குறைந்துபோய் வருகிறார்கள். பபூன் வேஷத்தில் இருப்பவன் வேற்றுக்கிரகவாசி.

படித்துக் காட்டியதும் நண்பர்கள் இரண்டு குறை சொன்னார்கள். பபூனைப் பார்த்துப் பயப்படுவது வெள்ளைக்காரர் பழக்கம், நம் ஊரில் சிரிப்பார்கள், நாடகம் படுத்துவிடும் என்பது ஒன்று. சர்க்கஸ்காரர்களே பாவம், பிழைப்பு போய்க்கொண்டிருக்கிறவர்கள், அவர்களைப் போய் வில்லனாக்கலாமா என்பது இன்னொன்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சர்க்கஸை பயங்கரமான இடமாகக் காட்ட நம் மண்ணில் வழி உண்டா? காட்டுவது நியாயமா?

செ.,
மன்னார்குடி

(வாசகர் கேட்டுக்கொண்டதால் முழுப்பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

அன்புள்ள செ.,

உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்காக நாடகத்தைக் கைவிட வேண்டாம். பயத்தைத் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மேற்கே கோமாளி பயமுறுத்துவதற்குக் காரணம் அந்த வர்ணம். வாய் எப்போதும் சிரித்தபடியே வரைந்திருக்கும். உள்ளே இருப்பவன் கோபமாக இருக்கிறானா, அழுகிறானா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டார் ட்ரெக் வாயேஜர் தொடரில் 1996-ல் வந்த ஒரு பகுதியில், உறக்கத்தில் கிடப்பவர்களின் மூளைகளைக் கணினியோடு இணைத்திருப்பார்கள். அவர்களுடைய பயமே அங்கே ஒரு கோமாளியாக உருவெடுத்து அவர்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று ஏறும். நமக்கு பபூன் என்றால் ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரி முதலில் வந்து ஆடிப் பாடி, வசனம் பேசி, கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிறவர். நம்முடைய ஆள். அவரை வேற்றுக்கிரகவாசி ஆக்கினால் ஜனம் நம்பாது.

சரி, அப்படியென்றால் சர்க்கஸில் நம்மைப் பயமுறுத்துவது எது? இதற்கு நான் படித்ததைவிடப் பார்த்ததிலிருந்து பதில் சொல்கிறேன்.

எங்கள் கிராமம் திருவாரூருக்குத் தெற்கே. எனக்குப் பத்து வயது இருக்கும்போது திருவாரூரில் ஒரு சர்க்கஸ் வந்து இறங்கியது. வந்த சேதியை எங்களுக்குச் சொன்னது நோட்டீஸோ ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியோ இல்லை. சர்ச் லைட். நம் பக்கம் மலையும் இல்லை, மேடும் இல்லை. அந்த வெளிச்சம் எழும்பினால் நாலாபக்கமும் பல மைலுக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருப்போம், வெள்ளையாக ஒரு கோல் வானத்தைத் தடவிக்கொண்டே போகும். தென்னந்தோப்புக்கு மேலே வரும், ஒரு நொடி நிற்கிற மாதிரி இருக்கும், அப்புறம் நகரும். என் பாட்டி அது தலைக்கு மேலே வரும்போதெல்லாம் எங்களை உள்ளே வரச் சொல்வார். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்.

ஒரு வாரம் கழித்து மாமா என்னைக் கூட்டிப்போனார். பார் விளையாட்டுதான் கடைசி. மரத்தூள் வாசனை, ஜெனரேட்டர் சத்தம், பலகைக் கேலரியின் மேல் வரிசையில் நாங்கள். மேலே ஒரு பெண், என் அக்கா வயதுதான் இருக்கும், இந்தக் கம்பியை விட்டு அந்தக் கைக்குத் தாவ வேண்டும். டிரம் உருண்டுகொண்டே இருந்து சட்டென்று நின்றது. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரின் வாயும் நின்றது. அவள் தாவினாள், கை தவறியது, விழுந்தாள். வலை அவளை வாங்கி, மேலே எறிந்து, மறுபடியும் வாங்கியது. அவள் எழுந்து, வலையின் ஓரத்தைப் பிடித்துக் கவிழ்ந்து இறங்கி, ஒரு காலை மடக்கி எங்களுக்கு வணக்கம் வைத்தாள். சிரித்தாள்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, “ச்சே” என்றது.

அவள் கை தவறியதற்காக வந்த ‘ச்சே’ இல்லை அது. அதுவாக இருந்தால் அவள் விழுந்த கணத்திலேயே வந்திருக்கும். அவள் எழுந்து நின்ற பிறகு வந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சாதாரண முகங்கள். மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு அம்மா, துண்டைத் தோளில் போட்ட இரண்டு பெரியவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் டிரம் நின்றபோது நானும் பலகையின் நுனிக்கு நகர்ந்து வந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சிங்கத்தை நினைத்தோ பபூனை நினைத்தோ இல்லை.

உங்கள் நாடகத்தின் பயம் கேலரியில் இருக்கிறது, செ.

இதை அறிவியல் புனைவில் நேராகச் செய்து காட்டியவர்கள் உண்டு. பிபிசியின் டாக்டர் ஹூ தொடரில் ‘தி கிரேட்டஸ்ட் ஷோ இன் தி கேலக்ஸி’ என்று நாலு பகுதிக் கதை. 1988 டிசம்பர் 14 அன்று தொடங்கி 1989 ஜனவரி 4 அன்று முடிந்தது. எழுதியவர் ஸ்டீஃபன் வையட். வேறொரு கிரகத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம். உள்ளே கேலரி முழுக்கக் காலி. ஒரே ஒரு குடும்பம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது: அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். பாப்கார்ன் கொறித்துக்கொண்டு ஒவ்வொரு வித்தைக்கும் மார்க் போடுகிறார்கள். பிடிக்காமல் போனால் வித்தை காட்டியவர் அந்த இடத்திலேயே அழிக்கப்படுகிறார். பழங்காலக் கொடுந்தெய்வங்கள்தான் அந்தக் குடும்பமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பது பிறகு தெரியவரும். அதிலும் ஒரு தலைமைக் கோமாளி உண்டு, இயன் ரெடிங்டன் என்ற நடிகர், கையை மெல்ல ஆட்டிச் சிரிப்பதிலேயே உறைய வைப்பார். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது, அடுத்த வித்தை எப்போது வரும் என்று அலுப்போடு பார்க்கும் அந்தச் சின்னப் பெண்ணின் முகம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. அந்த சர்க்கஸை நடத்துகிறவர்கள் முன்னொரு காலத்தில் ஊர் ஊராகச் சந்தோஷமாகச் சுற்றிய கலைஞர்கள். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, புதிது புதிதாக ஆள் பிடித்து வளையத்துக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. அவர்கள் செய்வது கொடுமைதான். ஆனாலும் வில்லன் அவர்கள் இல்லை.

படமெடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும், உங்களைப் போல் கையிலிருப்பதை வைத்து நாடகம் போடுகிறவர்களுக்கு அது உதவும். பிபிசி ஸ்டுடியோவில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரியவந்து மூடிவிட்டார்கள். படப்பிடிப்பே நின்றுபோகும் நிலை. குழுவினர் லண்டன் பக்கத்திலுள்ள எல்ஸ்ட்ரீயில் கார் நிறுத்துமிடத்தில் உண்மையான கூடாரத்தையே அடித்து, அதற்குள் எடுத்தார்கள். அதனால்தான் அந்தத் துணிச்சுவர் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. நீங்களும் மண்டபத்தை விட்டுவிட்டுப் பந்தல் போடுங்கள். பார்க்க வந்தவர்களைச் சுற்றி வட்டமாக உட்கார வையுங்கள். எதிரே இருக்கிற முகங்களை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இதெல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் குறுந்தொகையின் ஏழாவது பாட்டைக் காட்டுங்கள். பெரும்பதுமனார் பாடியது. ஓர் ஆணும் பெண்ணும் ஊரை விட்டுப் பாலை வழியே போகிறார்கள். மூங்கில் அடர்ந்த அந்த வெளியில் காற்றடித்து வாகையின் வெண்ணெற்று கலகலக்கிறது. அந்தச் சத்தத்துக்கு உவமை, ‘ஆரியர் கயிறாடு பறை’. கயிற்றின் மேல் ஆடும் கழைக்கூத்தருக்குக் கீழே அடிக்கும் பறை. ஆளரவமற்ற இடத்தின் அச்சத்தைச் சொல்ல, வித்தைக்காரரின் பறையைத்தான் தேடி எடுத்திருக்கிறார் அந்தப் புலவர். திருவாரூரில் நான் கேட்ட டிரம்மும் அதே பறைதான். இன்னொன்று: அந்தப் பாட்டு கண்டோர் கூற்று, அதாவது வழியில் அவர்களைப் பார்த்தவர்கள் பேசுவதாக அமைந்தது. ‘யார்கொல் அளியர் தாமே’ என்கிறார்கள், யாரோ பாவம் என்று. பார்க்கிறவர்கள் ‘அளியர்’ என்றும் சொல்லலாம், ‘ச்சே’ என்றும் சொல்லலாம். உங்கள் நாடகம் முழுக்க இந்த இரண்டு சொல்லுக்கு நடுவிலேயே நடக்கட்டும்.

நியாயமா என்று கேட்டீர்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள் மேல் சந்தேகத்தை ஏற்றுவது நமக்குப் புதிதில்லை. பாலம் கட்டப் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள், கூடாரம் போட்டவன் பிள்ளை பிடிப்பான் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊரே அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்திருந்தார். வந்தவர்கள் பிள்ளை பிடிப்பவர்கள் என்று முடியும் கதையை இனி என்னால் எழுத முடியாது. நீங்களும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கதைக்குள் ஒரு திருத்தம். அறுத்த வயலில் கூடாரம் என்கிறீர்கள். நம் பக்கம் சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறோம். அறுப்பு முடியும்போது தாளுக்கு நடுவே ஈரிலை விட்டிருக்கும். அந்த வயலில் முளையடிக்க எந்த மிராசும் விட மாட்டார். திடலுக்கு மாற்றுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, வேண்டாம், வயலே இருக்கட்டும் என்று தோன்றியது. விடிந்ததும் வயல்காரர் கோபமாக உள்ளே போகிறார். ஒரு செடிகூட நசுங்கவில்லை. குனிந்து பார்க்கிறார். இருட்டில் முளைத்த செடி வெளுத்து, எங்கே கீற்று வெளிச்சம் இருக்கிறதோ அங்கே சாயும், அது நமக்குத் தெரிந்ததுதான். இங்கே வாசல் பக்கம் ஒன்றுகூடச் சாயவில்லை. எல்லாம் நாலா திசையிலிருந்தும் வளையத்தின் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நடுவில் எதுவும் இல்லை.

கதை இந்தக் காலத்தில் நடக்கிறதென்றால் சிங்கம் வேண்டாம். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு எதையும் வித்தைக்குப் பழக்கக்கூடாது என்று 1998-ல் மத்திய அரசு அறிவித்து, 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. எங்கள் காலத்தில் திருவாரூர் சிங்கத்தின் உறுமல் காற்று வாக்கில் கேட்டால் கொட்டிலில் மாடு கட்டுத்தறியைச் சுற்றி மிதிக்கும், சில சமயம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். உங்கள் கூடாரத்தில் கூண்டே இல்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலுள்ள அத்தனை மாடும் எழுந்து நிற்கின்றன. மனிதர் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. மேடையில் செய்வதும் எளிது, கழுத்துமணிச் சத்தம் போதும்.

பள்ளிப் பிள்ளைகளைக் கம்பியில் ஏற்றும் காட்சி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2011-ல் தீர்ப்பு வந்துவிட்டது. கதைக்கும் அது தேவைப்படவில்லை.

உள்ளே போய் வருகிறவர்களிடம் ஏதோ குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குறைந்தது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று நினைக்கிறேன். என் யோசனை இது: வீட்டில் பாட்டி வாசற்படியில் தடுக்கி விழுகிறாள். சர்க்கஸ் பார்த்துவிட்டு வந்த பேரன் ஓடிப்போய்த் தூக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கிறான். அவள் தானே சுவரைப் பிடித்து எழுந்துகொள்கிறாள். அப்போது அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரட்டும்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள். நாடகம் எந்தத் திடலில், எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொன்னால் வந்துவிடுவேன். எனக்கு மேல் வரிசையில் ஒரு இடம் வைத்திருங்கள், மற்றவர்களுக்குப் பின்னால்.