ஸ்கான்ஸ் கம்பைல் செய்கிறது, நிறுவாமல் விடுவது ஏன்?

கேள்வி: லினக்ஸில், சி மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்றை ஸ்கான்ஸ் (SCons) என்ற, மூலக் கோப்புகளிலிருந்து நிரலை உருவாக்கித் தரும் கருவி கொண்டு கம்பைல் செய்கிறேன். எதை எப்படி உருவாக்குவது என்று அதற்குச் சொல்லும் எஸ்கன்ஸ்ட்ரக்ட் (SConstruct) கோப்பில், நிரலை நிறுவச் சொல்லும் இன்ஸ்டால் வரியும் இருக்கிறது. ஆனாலும் நிரல் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறைக்குப் போய்ச் சேரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: இது ஸ்கான்ஸின் இயல்புதான். இலக்கு (உருவாக வேண்டிய கோப்பு அல்லது கோப்புறை) எதையும் குறிப்பிடாமல் 'ஸ்கான்ஸ்' என்று மட்டும் கட்டளையிட்டால், அது நடப்புக் கோப்புறையிலும் அதன் உட்கோப்புறைகளிலும் உருவாக வேண்டியவற்றை மட்டுமே உருவாக்கும். /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கும்வரை அங்கே எதையும் நகலெடுக்காது. எஸ்கன்ஸ்ட்ரக்ட் ஒரு பைத்தான் நிரல்தான் என்றாலும், அதில் உள்ள புரோகிராம், இன்ஸ்டால் போன்ற வரிகள் படிக்கப்பட்ட உடனே வேலையைச் செய்து முடிப்பதில்லை. எந்தக் கோப்பு எதிலிருந்து உருவாகிறது என்பதைப் பதிவு செய்வது மட்டுமே அவற்றின் பணி.

ஆகவே இலக்குக்கு மாற்றுப் பெயர் தரும் அலியாஸ் வரி ஒன்றைச் சேர்த்து, /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்புறைக்கு 'இன்ஸ்டால்' என்று பெயரிடுங்கள். பிறகு சாதாரணப் பயனராக 'ஸ்கான்ஸ்' என்றும், அது முடிந்தபின் 'சூடோ ஸ்கான்ஸ் இன்ஸ்டால்' என்றும் கட்டளையிடுங்கள் (சூடோ என்பது நிர்வாகி அனுமதியுடன் ஓட்டும் கட்டளை). இரண்டையும் ஒன்றாக்கி முழுவதையும் சூடோவில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பைல் செய்யும்போது உருவாகும் கோப்புகளும் கோப்புறைகளும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகிவிட்டால் அடுத்த முறை அனுமதிச் சிக்கல் எழும். ஸ்கான்ஸ் இயல்பாகக் கோப்பின் நேரத்தைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிடுவதால், எதுவும் மாறாத நிலையில் இரண்டாம் கட்டளை மறுபடி கம்பைல் செய்யாது. என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே காண '-என்' (-n) சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

கம்பைலரை /ஆப்ட் போன்ற வேறிடத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடை வரும். நிரல்களை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும், டெர்மினலில் நீங்கள் அமைத்த பாத் (PATH) மாறியை ஸ்கான்ஸ் தானாக எடுத்துக்கொள்ளாது. யாருடைய கணினியில் ஓட்டினாலும் ஒரே விளைவு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆதலால் ஷெல் சூழல் முழுவதையும் இறக்குமதி செய்யாமல், பாத் மதிப்பை மட்டும் என்விரான்மென்ட் வரியில் கொடுப்பது நல்லது.

நிறுவியதை நீக்க 'ஸ்கான்ஸ் -சி இன்ஸ்டால்' (scons -c install) என்ற கட்டளையைச் சூடோவுடன் ஓட்டுங்கள். அது நிறுவிய நகலோடு கம்பைல் செய்த கோப்புகளையும் அழிக்கும். இதற்கு அதே எஸ்கன்ஸ்ட்ரக்ட் கோப்பு தேவை என்பதால், நிரல் பயன்பாட்டில் இருக்கும்வரை மூலக் கோப்புறையை நீக்காதீர்கள்.