ரேகைச் சட்டமும் 'குழு' பாடமும்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். விதியை மீறுவது பிறழ்நடத்தை, அதை அடக்குவது சமூகக் கட்டுப்பாடு என்று பாடத்தில் இருக்கிறது. கைரேகை வாங்கியதால் எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்று சொல்லும் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் காலத்தில் எதையும் மீறாதவர்களும் போலீஸ் முன் போய் நின்றார்களே, அதை எதில் சேர்ப்பது? எங்கள் ஊர்க்கூட்டம் போடும் தெண்டமும் ஊர்விலக்கும் சமூகக் கட்டுப்பாடுதானா?

– வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கேள்விக்கு விடை, அந்தச் சட்டம் யாரை 'குழு' என்று எடுத்துக்கொண்டது என்பதில் தொடங்குகிறது. அதனால் 'குழு' பாடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வெறும் கூட்டம். பஸ் ஏறியதும் கலைந்துவிடும். மதுரை மாவட்டத்தில் 60 வயது தாண்டியவர்கள் ஒரு வகையினர், அவ்வளவே. சந்தா, உறுப்பினர் பதிவேடு, பொருளாளர் என்று இயங்கும் சுமைப்பணியாளர் சங்கம் அமைப்பு. ஒருவரையொருவர் தெரியுமா, 'நாம்' என்ற எண்ணம் உண்டா, சேர்ந்து ஒரு காரியம் செய்கிறார்களா, விலக வழி உண்டா என்று கேட்டாலே எது எது என்று பிடிபடும்.

1871-இல் வட இந்தியாவில் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 'குலம், கும்பல், மக்கள் வகுப்பு' என்று மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியது. கும்பல் கூடித் திட்டம் போடுவது, விட்டு விலகலாம். குலம் பிறப்போடு வருவது. கும்பல்மேல் சுமத்த வேண்டியதைப் பிறப்பின்மேல் சுமத்தினார்கள். இன்னார் குற்றப் பழங்குடி என்று அரசு வெளியிட்ட அறிவிக்கை செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்று 1911 சட்டத்திலேயே எழுதியும் வைத்தார்கள். உங்கள் பக்கம் வாழும் பிறமலைக் கள்ளர் சமூகத்தாரும் இதில் சிக்கினார்கள். அதுவரை பல ஊர்களில் காவல் கூலி வாங்கிக்கொண்டு களவுக்குப் பொறுப்பேற்றவர்களும் அவர்கள்தான் என்பதை மறக்கக்கூடாது. கட்டுப்பாட்டை நடத்தியவர்களே பிறழ்ந்தவர்கள் ஆக்கப்பட்டார்கள்.

நடைமுறையைப் பாருங்கள். பதிவேட்டில் பெயர், கைரேகை. இரவில் ஆஜர். அசலூர்க் கல்யாணத்துக்குப் போகக்கூட ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஆஜர் தவறினால் தண்டனை. இங்கே ஒருவர் செய்த குற்றம், ராத்திரி வந்து நிற்காதது. சட்டம் இல்லையென்றால் அந்தக் குற்றமும் இல்லை. ஆனால் பெயருக்கு நேரே ஒரு தண்டனை ஏறிவிடுகிறது. 'பார்த்தீர்களா, சொன்னோமே' என்று அதையே சான்றாகவும் காட்டலாம்.

இங்கே பலர் தேர்வில் தவறு செய்கிறார்கள். ஆஜர் தவறியதையே சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் சொன்ன இரண்டாம்நிலைப் பிறழ்வு என்று எழுதிவிடுகிறார்கள். ஆஜர் தவறியது, 'குற்றப் பழங்குடி' என்று குத்திய முத்திரையின் விளைவு மட்டுமே. வேலை கொடுப்பாரில்லாமல், பிழைப்பும் தன்னைப் பற்றிய எண்ணமும் அந்த முத்திரையைச் சுற்றியே அமைந்து, அதிலிருந்து பிறக்கும் மீறலைத்தான் லெமர்ட் சொல்கிறார். பிறழ்வு செயலில் இல்லை, பிறர் ஒட்டும் பெயரில் இருக்கிறது என்ற வாதத்துக்கு 1963-இல் எழுதிய சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கரைக் காட்டுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் நடந்ததை இதில் எதிலும் அடைக்காதீர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்து நின்ற ஊர்மேல் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அது பிறழ்வு அல்ல, விதியையே எதிர்த்த போராட்டம். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

ஊர்விலக்கும் சமூகக் கட்டுப்பாடுதான், முறைசாராதது. எழுத்தில் இல்லை என்பதால் மென்மையானது என்று எழுதிவிடாதீர்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வருவதில்லை, கடையில் சாமான் இல்லை, கூலிக்கு ஆள் கூப்பிடுவதில்லை. லாக்கப்பைவிட அது கொடியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மேல் மற்றவர்கள் ஊர்விலக்கு வைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி அது குற்றம்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் நின்று கேட்கிறார்கள், தெண்டத் தொகையை முதலில் சொல்வது யார், பெண்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.