சைக்கிள் பாதை: கோடு போட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருவில் சைக்கிளுக்கென்று வெள்ளைக்கோடு போட்டுவிட்டார்கள். இனி பிள்ளைகளைத் தனியாக அனுப்பலாமா?

கோடு எந்த வண்டியையும் நிறுத்தாது. வண்டிகள் மெதுவாகப் போகிற தெரு என்றால் கோடே தேவையில்லை. வேகமாகப் போகிற சாலை என்றால் கோடு போதாது, வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் கர்ப் கல் (உயர்த்திப் பதித்த விளிம்புக் கல்) வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி மோதும் ஆற்றல், 30இல் வருவதைப்போல 2.8 மடங்கு. ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 30இல் வரும் வண்டி 8 மீட்டரும், 50இல் வருவது 14 மீட்டரும் கடந்துவிடும். உங்கள் கோடு, நிறுத்திவைத்த கார்களை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் கார்க் கதவு திறக்கும் இடத்தில்தான் பிள்ளை ஓட்டிக்கொண்டு போகும்.

கேள்வி: பாதை போட்டுச் சில வருடம்தான் ஆகிறது. அதற்குள் பள்ளம். தார் மட்டமா?

தாரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மழை விட்டதும் போய் நில்லுங்கள்; தண்ணீர் தேங்கும் இடம்தான் அடுத்த பள்ளம். முதலில் மயிரிழை விரிசல், அதன் வழியே நீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகை இளகும், பிறகு மேலே ஒரு வண்டி ஏறினால் உடையும். விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைப்பது சின்ன வேலை. அதை யாரும் செய்வதில்லை, திறப்பு விழா வைக்க முடியாதே!

அடுத்த எதிரி குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளம். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்காமல் ஒரேயடியாகக் கொட்டி மூடினால், ஒரு மழையில் உள்வாங்கி, பாதையின் நீளவாக்கில் ஒரு விளிம்பு நிற்கும். குறுக்கே உள்ள மேடு ஆளைக் குலுக்குவதோடு சரி. நீளவாக்கில் உள்ள விளிம்போ முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிவிடும். சாக்கடைக் கம்பி மூடியும் அப்படித்தான்: கம்பிகள் பாதைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கும்.

அப்புறம், பெருக்குவது. சாலையில் கார்ச் சக்கரங்களே மணலையும் கண்ணாடித் துண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்த ஓரம்தான் நம் பாதை. கர்ப் வைத்துப் பிரித்த பாதைக்குள் பெருக்கும் வண்டி நுழையுமா என்று கட்டும்போதே பார்க்க வேண்டும்.

கேள்வி: பஞ்சர் ஆகாத டயர் எது?

சைக்கிள் கடையில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலும் வெள்ளைக்கோடுதான். பாதுகாப்பா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் பாதை போடுவது வீண் செலவு. ஒரே பக்கம் இருவழியாகப் போட்டால் என்ன?

குறுக்குத் தெரு இல்லாத ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம் என்றால் தாராளமாகப் போடலாம். கடைவீதியில் வேண்டாம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், குறுக்குத் தெருவிலிருந்து இடது பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். வண்டி அங்கிருந்துதானே வரும். இடப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணில் படாது.

அதே நபர்: ஸ்பெயினின் செவில் நகரில் பெரும்பாலும் இருவழிப் பாதைதான். சைக்கிள் ஓட்டுவோர் பல மடங்கு கூடினார்களே?

கூடினார்கள், மறுக்கவில்லை. துண்டு துண்டாக இல்லாமல் மொத்த வலைப்பின்னலையும் சில வருடங்களில் முடித்தார்கள், அதுதான் அவர்கள் பலம். இருவழி என்பதால் கூட்டம் வந்தது என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதே நபர்: நெதர்லாந்திலும் இருவழி உண்டு. அவர்களுக்குத் தெரியாததா?

அங்கே சந்திப்பை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாலை விளிம்பிலிருந்து பாதையை ஏறக்குறைய ஒரு கார் நீளம் உள்ளே தள்ளுவார்கள். திரும்பும் கார் அந்த இடைவெளியில் நேராக நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போகலாம். கடக்கும் இடத்தையும் பாதை மட்டத்துக்கு உயர்த்தியிருப்பார்கள், கார் ஏறி இறங்கியாக வேண்டும். நீங்கள் கேட்பது இதெல்லாம் இல்லாத இருவழி. மிச்சமாகும் என்கிற பணம் ஒவ்வொரு முக்கிலும் செலவாகும்; செலவழிக்காவிட்டால் விபத்து.

அதே நபர்: ஆக, இடம் இல்லாத ஊருக்குப் பாதையே கூடாது?

அப்படி எங்கே சொன்னேன்? இடம் இல்லையென்றால் கார் நிறுத்தும் வரிசையில் ஒன்றை எடுங்கள். அதுவும் முடியாதா, வேகத்தை 30க்குக் குறைத்து எல்லோரும் ஒரே சாலையில் போகட்டும். நார்வேயின் ஆஸ்லோவில் பல தெருக்களில் கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள், வேக வரம்பையும் குறைத்தார்கள். 2019இல் அந்த நகரில் நடந்து போனவரோ சைக்கிளில் போனவரோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் சாகவில்லை.

கேள்வி: கோட்டுக்குப் பதில் பச்சைப் பெயின்ட் அடித்தால்?

பச்சைக் கோடும் கோடுதான். மழையில் வழுக்காத பெயின்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதையில் மோட்டார் சைக்கிள் நுழைகிறது. நடுவில் கம்பம் நடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம்.

கொடுக்காதீர்கள்! முன்னால் ஒருவர் போகும்போது பின்னால் வருகிறவருக்குக் கம்பம் தெரியவே தெரியாது. அவர் விலகிய நொடியில் இவர் மோதுவார். மோட்டார் சைக்கிளோ அதே இடைவெளியில் சுகமாக நுழைந்துவிடும். கார் நுழைகிறது என்றால் மட்டும் ஒரு கம்பம் போதும்: இரு பக்கமும் 1.5 மீட்டர் வழி, ஒளி பட்டால் மின்னும் பட்டை, கம்பத்துக்கு முன்னும் பின்னும் தரையில் நீளக் கோடு. ஆமாம், கோடுதான். இங்கே அதற்கு வேலை இருக்கிறது.