ஓர் ஆற்றுப்படுகையைப் பல அரசுத் துறைகளும் கரையோர மக்களும் சேர்ந்து நிர்வகிக்க முடியுமா?

ஒரே ஆற்றில் பல துறைகளுக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் உரிமை இருக்கும்போது, கரையில் வாழும் மக்களையும் சேர்த்துக்கொண்டு அதை நிர்வகிப்பது நடைமுறையில் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம் என்றே நம்புகிறேன்; ஆனால் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம் என்ற இடத்திலேயே அந்த முயற்சி பெரும்பாலும் கெட்டுப்போகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோல கெட்டில் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஆற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

பாலிங் மலைப்பக்கத்திலிருந்து வரும் கெட்டில் ஆறு எங்கள் ஊருக்கு அருகே மூடா ஆற்றோடு கலக்கிறது. மூடா ஆறு கடலை நெருங்கும் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது; பினாங்கு தனக்கு வேண்டிய நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது. அந்த ஆறு பிறக்கும் ஊலு மூடா காட்டைக் காப்பதற்கு இழப்பீடு வேண்டும் என்று கெடா பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. தன் கரையில் ஓடும் ஆற்றிலிருந்து எடுப்பதற்கு விலை எதற்கு என்பது பினாங்கின் வாதம். அரசியலமைப்புச் சட்டத்தின்படி ஒரே மாநிலத்துக்குள் அடங்கிய ஆறு அந்த மாநிலத்துக்கு உரியது; பல மாநிலங்களுக்குப் பொதுவான ஆறு, அவற்றுக்கிடையே உடன்படிக்கை இல்லாதவரை, கூட்டரசின், அதாவது மத்திய அரசின், அதிகாரப் பட்டியலில் வருகிறது. நிலமும் காடும் மட்டும் எப்போதும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. ஆகவே தண்ணீரைப் பற்றி ஒருவரும், அந்தத் தண்ணீர் பிறக்கும் காட்டைப் பற்றி வேறொருவரும் முடிவெடுக்கும் நிலை ஏற்படுகிறது.

இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பின்புறம், திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கும் துறை இருக்கும் இடத்தில், கரை சரியத் தொடங்கியது. சற்று மேலே மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கோவில் தலைவரும் நானும் மனு எழுதிக்கொண்டு போனோம். மணலுக்கு உரிமம் கொடுப்பது நில அலுவலகம். உரிமம் முறைப்படி இருக்கிறது என்றார்கள். ஆற்றின் போக்கையும் கரையையும் கவனிப்பது வடிகால் நீர்ப்பாசனத் துறை. ஆலோசனை சொல்லலாமே தவிர உரிமத்தை நிறுத்த முடியாது என்றார்கள். கலங்கலுக்குச் சுற்றுச்சூழல் துறை, மேலே மரம் வெட்டுவதற்கு வனத்துறை. கரையோர ஒதுக்கு நிலம் தங்களுடையதன்று என்று தோட்ட நிர்வாகமும் ஒதுங்கிக்கொண்டது. இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு, மாவட்ட அலுவலகத்தின் ஓர் இளம் அதிகாரி இவர்கள் அனைவரையும் ஒரு காலைப்பொழுதில் அந்தக் கரைக்கே அழைத்து வந்தார். பக்கத்துக் கம்பத்தின் (மலாய்க் கிராமத்தின்) தலைவரும் வந்தார், நாங்களும் நின்றோம். சரிந்த இடத்தை எல்லோரும் ஒன்றாகப் பார்த்த பிறகு, மணல் அள்ளும் எல்லையைத் தள்ளி வைக்க அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். புதிய சட்டமோ புதிய பணமோ தேவைப்படவில்லை.

எங்களை அந்தக் காலையில் அழைத்தது வழக்கத்துக்கு மாறானது என்பதைச் சொல்ல வேண்டும். கம்பத்துக்குத் தலைவரும் கிராமக் குழுவும் உண்டு. தோட்டம் தனியார் நிலம் என்பதால் லயத்து மக்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள், அந்த அமைப்புக்கு வெளியிலேயே நெடுங்காலம் இருந்துவிட்டார்கள். தோட்டத்தின் சார்பில் மேலாளர் கூட்டத்துக்குப் போவார்; அவர் பேசுவது நிலத்தைப் பற்றி. வெள்ளம் முதலில் நுழைவதோ ஆற்றோர லயத்தில்.

2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில், மலையில் பெய்த மழை சேற்றையும் மரக்கட்டைகளையும் அடித்துக்கொண்டு வந்ததில் மூவர் உயிரிழந்தார்கள். அந்தத் தண்ணீர் வந்து சேர்வதும் கெட்டில் ஆற்றில்தான். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆற்று மட்டத்தைச் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று நான்கு படிகளில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மலாயோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

ஆற்றுக்கென்று தனி ஆணையம் அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். சிலாங்கூர் 1999இல் சட்டமியற்றி, லுவாஸ் என்னும் நீர் நிர்வாக வாரியத்தை அமைத்தது. என் பார்வையில் மற்ற மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு அது. அப்படி இருந்தும் 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கரையில் இருப்பவர்களே வாடை மாறியதை முதலில் உணர்வார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு தொலைபேசி எண்ணும், சொன்னால் வந்து பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால், குழு அமைக்கும் முன் மாவட்ட அலுவலகத்தில் உள்ள தொடர்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆற்றோரத்தில் எந்தக் குடியிருப்பின் பெயர் அதில் இல்லை என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஆட்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து இப்போது ஐந்து பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் பெண்கள். மற்றவர்கள் வேலைக்காட்டில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் லயத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.